வேலம்மாள் சொல்லாமல் விட்ட பெயர்

மரக்காணம் உப்பளத்துத் தெருவில் தியாகி குழந்தைசாமிக்கு நினைவுக்கல் வைப்பதென்று முடிவானபோது, அவர் மனைவி வேலம்மாளை யாரும் கேட்கவில்லை. திறப்பு விழாவுக்கு வந்து சால்வை வாங்கிக்கொண்டால் போதும் என்று சொல்லப் போனவன் குழந்தைசாமியின் தங்கை பேரன் சரவணகுமார். விழாக் கமிட்டிக்குத் தலைவர், பொருளாளர், மைக் செட் எல்லாம் அவனே.

"கல்லுல என் பேரு இருக்குதாடா?"

"உன் பேரு எதுக்கு ஆயா? தியாகி தாத்தாதானே?"

எண்பத்தைந்தைத் தாண்டியவளுக்கு வேறு ஆசை கிடையாது. கண் மூடுவதற்குள் அந்தக் கல்லில் தன் பெயர் ஏற வேண்டும். அதற்கு நியாயமும் இருந்தது.

பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த கடைசிக் காலம். ஊர் ஆண்கள் புளியமரத்தடியில் கூடி அவனைத் தினமும் விரட்டிவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்புவார்கள். விரட்டுகிற நோட்டீசை எல்லை தாண்டிக் கொண்டுசேர்க்கத்தான் ஆள் இல்லை. கூடையில் உப்பு சுமந்து பாண்டித் தெருக்களில் விற்கப் போன பெண்கள் தலையில் அந்த வேலை விழுந்தது. உப்பின் ஈரத்தில் மை அழியாமலிருக்க நோட்டீசைப் பனையோலையில் பொதிந்து, மேலே உப்பைக் கொட்டிக் கொண்டுபோனார்கள்.

கல்யாணமாகி வந்த புதுசு, வேலம்மாள் மாட்டிக்கொண்டாள். எல்லைச் சாவடியில் கூடையைக் கவிழ்த்த போலீஸ்காரன் புருஷன் பேர் என்ன என்று கேட்டான். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது உப்பளத்துப் பெண்களின் கணக்கு. அடித்தார்கள், சொல்லவில்லை. அடைத்தார்கள், அப்போதும் சொல்லவில்லை. பெண்டாட்டி உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுகிறாள் என்றால் அவன் எவ்வளவு பெரிய தலைவனோ என்று போலீசுக்கே கலக்கம். அந்தத் தலைவன் அப்போது நண்டுக் குழம்பு ஒத்துக்கொள்ளாமல் வீட்டுக்கும் சவுக்குத் தோப்புக்குமாக ஓடிக்கொண்டிருந்தான்.

அந்தப் பேச்சு ஊருக்கும் எட்டி, அவள் வெளியே வருவதற்குள் அவன் தியாகியாகிவிட்டான். ஊரே கையெடுத்துக் கும்பிடும்போது இல்லை என்று சொல்ல அவனுக்குக் கூச்சம். பிறகு பென்ஷன் வந்தது, கூச்சம் போனது. அந்தத் தெருவில் இப்படி நாலைந்து தியாகிகள். கூடை சுமந்த பெண்களெல்லாம் தியாகிகளின் மனைவிகள்.

ஆகஸ்டு பதினைந்தன்று மேடையில் சால்வை போர்த்தி, புருஷனின் தியாகத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொல்லி வேலம்மாள் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். இனி ஆயுசு குறைய அவர் இல்லை என்ற தைரியத்தில் அவள் வாயைத் திறந்தாள்.

"குழந்தைசாமி பாண்டிக்கே போவல. நோட்டீசு தூக்கினவளும் நானு, அடி வாங்கினவளும் நானு."

பெண்கள் பக்கத்தில் ஒரே சலசலப்பு. பல்லுப்போன வயசில் புருஷன் பேரைச் சொல்லிட்டாளே என்று ஆளாளுக்குக் கன்னத்தில் கைவைத்தார்கள். அதற்குப் பின்னால் அவள் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை. சரவணகுமார் மைக்கைப் பிடுங்கி, பாட்டி உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று அறிவித்தான்.

வேலம்மாள் இறங்கி நேராகக் கல்லுக்குப் போனாள். மூடியிருந்த துணியின் மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"என் பேரை வெட்டிட்டு அப்பறம் தெறங்க. எனக்கு அவசரமில்ல."

சிறப்பு விருந்தினருக்கு அவசரம். இன்னும் மூன்று ஊரில் கொடி ஏற்ற வேண்டும். கல் வெட்டிய தச்சன் பாவாடையை உளியோடு இழுத்துவந்தார்கள். துணியைத் தூக்கிப் பார்த்தால் கல்லில் விரல் வைக்க இடமில்லை. திறந்துவைப்பவர், முன்னிலை, வரவேற்பு, ஒலிபெருக்கி என்று வரிசையாகப் பெயர்கள்; சரவணகுமார் பெயர் மட்டும் இரண்டு இடத்தில். கல்லுக்குப் பணம் தருகிறேன் என்று சொன்ன ஆள் கைவிரித்துவிட்டதால் கடைசி வரியில் 'உபயம்' என்பதற்கு எதிரே மட்டும் வெறுமையாக இருந்தது. பாவாடை அங்கே 'வேலம்மாள்' என்று வெட்டினான். அவள் தடவிப் பார்த்துவிட்டு எழுந்து வழிவிட்டாள்.

மறுநாள் காலையில் அம்மன் கோயில் ஆட்கள் ரசீதுப் புத்தகத்தோடு அவள் வாசலில் நின்றார்கள். கல்லே வைத்துக் கொடுத்த கை, தேருக்கு ஒரு சக்கரமாவது செய்து தரக்கூடாதா என்று கேட்டார்கள்.