லீசுக்கு எடுத்த வண்டி

தாம்பரம் மேம்பாலத்துக்குக் கீழே, ஜெராக்ஸ் கடையை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும். எங்கள் புரோக்கருக்கு அதுதான் ஆபீஸ். மழை வந்தால் நாற்காலி கடைக்குள்ளே போகும். வீடு வேண்டுமென்றாலும் அவரிடம்தான் போவோம், வண்டி வேண்டுமென்றாலும் அவரிடம்தான். அஸ்தினாபுரத்தில் எங்களுக்கு வீடு பிடித்துக் கொடுத்தவரும் அவரே. லீசு வீடு. மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டுக் குடிபோனோம். மாச வாடகை கிடையாது. வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டப்போகிறோம் என்று காலி பண்ணச் சொன்னபோது, கொடுத்த தொகை அப்படியே திரும்பி வந்தது. வெள்ளையடிக்க மட்டும் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள். அதற்கே என் மனைவி ஒரு வாரம் முணுமுணுத்தாள்.

எனக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். அதுவும் மறைமலை நகரில் சம்பள நோட்டில் போடுவதற்காகக் கற்றுக்கொண்டது. அங்கே கம்பெனிகளுக்கு மரப்பெட்டி ஏற்றிப் போய்க் கொண்டிருந்தேன். எல்லாம் ஊரான் வண்டி. மற்றவர் சாவியை வாங்கி வாங்கியே கை தேய்ந்துவிட்டது. கையில் லீசுப் பணம் இருந்தபோது ஒரு யோசனை வந்தது. ஒரு வருஷம் பெருங்களத்தூரில் மகள் வீட்டு ஹாலில் படுத்துக்கொள்வோம். இந்தப் பணத்தைப் போட்டு லீசுக்கு ஒரு பிக்கப் எடுத்து ஓட்டுவோம். வருஷம் முடிந்து அதே பணத்தில் மறுபடி ஒரு லீசு வீடு.

"வண்டிக்கெல்லாம் லீசு உண்டா?" என்று புரோக்கரிடம் கேட்டாள் மனைவி.

"கீது அக்கா. ஒரு வருஷம் லீசு. மாசா மாசம் தொல்லையே இல்ல," என்றார் புரோக்கர்.

பணத்தைக் கொடுத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்குப் போட்ட அதே நாற்காலி, அதே பேனா.

அந்த வருஷம் நன்றாகத்தான் ஓட்டினேன். வண்டிக்கு வாடகை இல்லையே என்று கூலியும் குறைத்தே கேட்டேன். குரோம்பேட்டையில் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் வீடு மாறினார். பாதி வண்டி புஸ்தகம், ஒரு ஆர்மோனியம், சுவரில் மாட்டும் பெரிய ஏசு படம். படத்தை அவர் மனைவி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

"என்னப்பா, இவ்வளவு கம்மியா கேக்குறீங்க?" என்றார் வாத்தியார்.

"வண்டி லீசு சார். வாடகை இல்ல. போட்ட பணம் திரும்பி வந்துடும்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. "தண்ணி குடிச்சிட்டுப் போங்க," என்றார். அந்தப் பார்வை இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

வருஷக் கடைசியில் வண்டியைக் கழுவினேன். கதவில் இருந்த சொட்டையை எடுத்துப் பெயின்ட் அடித்தேன். வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பிடித்தார்களே, இதற்கும் பிடிப்பார்கள் என்று பயம். மனைவி பணம் வைக்கத் துணிப்பை எடுத்து வந்திருந்தாள்.

"பெயின்ட்லாம் அடிச்சிருக்க. மாப்பிள்ள மாரி கீது வண்டி. சாவி குடு நைனா," என்றார் புரோக்கர்.

கொடுத்தேன். நீட்டிய கையை நான் மடக்கவில்லை.

"இன்னா நைனா?"

"லீசு துட்டு பா."

"எந்தத் துட்டு? அது வருஷ வாடகை. மொத்தமா வாங்கிட்டதாலதான் மாசா மாசம் வந்து கேக்கல."

"லீசுன்னு தான சொன்ன."

"லீசு தான்."

"வூட்டுக்கும் லீசுன்ன. அது திரும்பி வந்துச்சே."

"வூடு நின்ன எடத்துல நிக்கும் நைனா. வண்டி தேயுது இல்ல? டயர பாரு. எந்த ஓனர் சும்மா குடுப்பான்?"

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். மனைவி கையிலிருந்த பையைப் பார்த்துவிட்டார். ஜெராக்ஸ் கடைக்காரரைக் கூப்பிட்டுப் பத்திரத்தைப் படிக்கச் சொன்னார். 'ஓராண்டு வாடகையாக' என்று இருந்ததாம். அதற்குக் கீழே என் பெயர், என் கையால் எழுதியது.

"ரெண்டுக்கும் ஒரே பேரு. நல்லா வச்சானுங்க பேரு," என்றாள் மனைவி. பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கோபப்படத் தெம்பு இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்று டீ வாங்கி வந்தார். "என் கமிஷன திருப்பித் தரேன் நைனா," என்றார்.

"அது இருக்கட்டும். இன்னும் ஒரு நாள் வண்டிய குடு. ஒரு ரூம் பாரு," என்றேன்.

அனகாபுத்தூரில் ஒரு அறை கிடைத்தது. சுவரில் இடுப்பு உயரத்துக்கு வெள்ளம் வந்த கறை. மகள் வீட்டு பால்கனியில் கிடந்த சாமான்களை ஏற்றிப் போய் இறக்கினேன். வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று, "லீசா, வாடகையா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள். "வாடகை. மாசா மாசம்."

வண்டியைக் கொண்டுபோய் விட்டேன். இந்தத் தடவை கழுவவில்லை.