நான் வெட்டி எறிந்த வெள்ளை

பிழைக்க வந்த மலையாளத்து ஊரில், ஆரியசாலைக் கடைத்தெருவில் காலையில் டீ குடிக்கப் போனால், சுமை தூக்குகிறவர் பேப்பர் முழுவதையும் படித்து முடித்துவிட்டுத்தான் மூட்டையைத் தொடுகிறார். ஏதோ ஒரு நாட்டுச் சங்கதியைச் சொல்லி என் அபிப்பிராயத்தையும் கேட்பார். திருநெல்வேலியில் என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. நான் சிரித்து மழுப்பிவிட்டுக் கடைக்கு வந்துவிடுவேன்.

நான் வேலை பார்ப்பது படச்சட்டம் போடும் கடையில். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கு, வருகிறவர்களிடம் அளவு கேட்பதைத் தவிர வேறு பேசக் கூச்சம். அந்தக் கூச்சத்தால்தான் தவறு நடந்தது. சித்திரம் கற்றுக்கொடுக்கும் டீச்சர் ஒருவர், கண்காட்சியில் வைக்கத் தான் வரைந்த படத்தைக் கொடுத்திருந்தார். உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். பாதி முகம் நம்மைப் பார்த்தது, பாதி சன்னலைப் பார்த்தது. சுற்றிலும் நான்கு விரல் அகலத்துக்கு வர்ணமே இல்லை, வெறும் வெள்ளைக் காகிதம். ஊரில் நான் தொழில் பழகியது காலண்டர் சாமி படங்களில். கடைப் பெயரையும் வெள்ளை ஓரத்தையும் வெட்டிவிட்டு, சாமி சட்டம் நிறைய நிற்கும்படி செய்வோம். கேட்கத் தயங்கி, இதையும் அப்படியே வெட்டிவிட்டேன்.

வாங்க வந்த டீச்சர் சட்டத்தின் நான்கு ஓரத்தையும் விரலால் தடவினார். பிறகு, "ஆ வெள்ளை எங்கே அண்ணாச்சி? அதும் படம் தன்னே," என்றார் மலையாளம் கலந்த தமிழில். அந்த வெள்ளையும் படம்தானாம்.

குப்பைக் கூடையைக் கவிழ்த்தேன். நான்கு துண்டும் கிடைத்தன. மறுநாள் கண்காட்சி. முதலாளியிடம் டீச்சர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும். அவர் சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் ஒட்டி முடிக்கும்வரை பேசிக்கொண்டிருந்தார். கேமரா வந்தபின் ஐரோப்பாவில் சில சித்திரக்காரர்கள், கண்ணில் படுவதை அப்படியே வரைய இனி நாம் எதற்கு என்று கேட்டார்களாம். ஒரே முகத்தை முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் சேர்த்து வரைந்தார்களாம். பேப்பர் துண்டுகளைப் படத்தில் ஒட்டினார்களாம். சிலர் வரைகிற துணியில் பாதியை வெறுமையாகவே விட்டார்களாம். எழுதுகிறவர்களும் யோசிக்கிறவர்களும்கூட, பெரியவர்கள் சொல்லிவைத்ததை எல்லாம் பிரித்துப் போட்டுப் பார்த்த காலமாம் அது. ஊர் சிரித்திருக்கிறது. அவர்கள் நிறுத்தவில்லை. ஒரு கேள்வி கேட்க வாய் வராத எனக்கு, அத்தனை சிரிப்புக்கும் நடுவில் தூரிகையைக் கீழே வைக்காதவர்கள் மேல் பெரிய மதிப்பு வந்தது.

வாயைத் திறந்து கேட்டேன். "ஒட்டு தெரியுதே டீச்சர். வர்ணம் தடவி மறைச்சிரட்டா?"

"வேண்டா. தெரியட்டு. அதுல அண்ணாச்சியோட கையும் இருக்கட்டு."

அந்த ஒட்டோடுதான் படம் கண்காட்சியில் தொங்கியது.

அதற்குப் பிறகு தம்பி ஊரிலிருந்து முருகன் காலண்டர் அனுப்பினான். கடைப் பெயரை வெட்டினேன். ஓரத்து வெள்ளைக்கு வந்ததும் கத்தி நின்றுவிட்டது. அப்படியே சட்டம் போட்டு வீட்டில் மாட்டினேன்.

"முருகன் என்ன, அவ்வளவு தூரத்துல போய் நிக்காரு? வெட்ட மறந்துட்டியளா?" என்றாள் மனைவி.

பதில் சொல்வதற்குள் சூடம் ஏற்றிவிட்டாள். அவள் கண்ணை மூடிக் கும்பிட்டாள். நானும் கைகூப்பினேன்; கண்ணை மட்டும் மூடாமல், முருகனைச் சுற்றியிருந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.