ஃப்ரீசர் பாக்ஸ் நுழைந்த வீடு

வாய்க்கால் ஓரத்து முப்பத்திரண்டு வீடுகளில் ராஜாம்பாளின் வாசல்தான் அகலம். இட்லி வியாபாரத்துக்காகத் தெருப்பக்கச் சுவரை இடித்துத் தட்டி கட்டியிருந்தாள். காலையில் அது கடை. மத்தியானம் மகளிர் குழு கூடும் இடம். ராத்திரி பாயை விரித்தால் அவளுக்கு வீடு. தெருவில் யார் செத்தாலும் அங்கேதான் கிடத்துவார்கள். பிணம் வைக்கிற ஃப்ரீசர் பாக்ஸ் வேறு எந்த வாசலிலும் நுழையாது.

பூவிழியின் புருஷன் கோவிந்தராசு செத்தபோதும் அப்படித்தான். பிணம் கிடக்கும் இடத்தில் அடுப்பு எரியக் கூடாது என்று ராஜாம்பாள் அடுப்பு, பாத்திரம், பாய், துணிமூட்டை எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்கு மாற்றினாள். மறுநாள் பிணத்தை எடுத்ததும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். உள்ளே வாடகை நாற்காலிகள் மட்டும் இருந்தன.

பாழாய்ப்போன கணக்கெடுப்பு அன்றைக்கா வர வேண்டும்! வாய்க்காலை அகலப்படுத்த வீடுகளை இடிக்கப் போகிறார்கள். குடியிருப்பவர்களுக்கு அரியாங்குப்பம் பக்கம் அடுக்குமாடி வீடு. அதற்காக வந்த ஆள் காலி அறையை எட்டிப் பார்த்தார்.

"இது யாரு வீடும்மா?"

தலைமுழுகிவிட்டு வந்த ராஜாம்பாள், அவர் துக்கம் கேட்க வந்தவர் என்று நினைத்தாள். பக்கத்தில் பூவிழி கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தாள். 'என் வீடு' என்றால் செய்த உதவியைச் சொல்லிக்காட்டுவதுபோல் ஆகிவிடாதா?

"எல்லாருக்கும் பொதுதான் சார்."

பொதுக்கட்டடம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஒன்றரை வருஷம் கழித்து வந்த பட்டியலில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். ராஜாம்பாள் இல்லை. ஆபீசுக்கு ஓடினாள். தெருக்காரர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டால் மறுபடி விசாரிப்பதாகச் சொன்னார்கள். முதலில் பூவிழியிடம்தான் போனாள்.

"லிஸ்ட்ட மறுபடி பிரிச்சா எல்லாருக்கும் நின்னுடும்னு சொல்றாங்கக்கா. ரெண்டு பொட்டப்புள்ளைங்கள வச்சிக்கினு நான் எங்க போவேன்?"

மற்றவர்களும் அதையே ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். ஒரு கையெழுத்துகூட விழவில்லை. ஆறு கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்தால் நீ யார் நான் யார் என்பார்கள். இவர்கள் கடப்பதற்கு முன்பே கேட்டுவிட்டார்கள். இதைச் சொல்கிற எனக்கே ஆத்திரம் வருகிறது. ராஜாம்பாள் ஒருவரையும் திட்டவில்லை.

சாவி கொடுத்த அன்று மத்தியானம் பூவிழி வந்தாள். முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"நாளைக்கு எல்லாரும் அங்க ஒண்ணா பால் காச்சறோம்க்கா. நூறு பேருக்கு இட்லி வேணும். உன்ன உட்டா யாரக் கேக்கறது?"

அடுத்த வாரம் ராஜாம்பாள் வீட்டையும் இடித்துவிடுவார்கள். எங்கே போவது என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

"எத்தினி மணிக்கு வேணும்?" என்று கேட்டுவிட்டு, அரிசி ஊறப்போட எழுந்தாள்.