எதிலும் துளை போடப்படும்

திருமழிசை தொழிற்பேட்டைப் பக்கம் வந்தவர்கள் என் பட்டறைப் பலகையைப் பார்க்காமல் போயிருக்க முடியாது. ‘எதிலும் துளை போடப்படும்’ என்று சிவப்பில் எழுதியிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் அந்த வாசகம் என் சொந்தச் சரக்கு. முப்பது வருஷமாக அதைப் பொய்யென்று சொல்ல ஒருவனும் பிறக்கவில்லை.

பூந்தமல்லியில் மோதிரக்கல் விற்கும் பாய் என் பழைய சிநேகிதர். அவரோடு ஓர் அகழாய்வுக் கண்காட்சிக்குப் போனேன். கண்ணாடிக்குள் சூதுபவளம் என்கிற செங்கல் நிறக் கல்லில் செய்த மணிகள். நெல்லைவிடக் கொஞ்சம் பெரிது. நீளவாக்கில் ஊசி நுழைகிற துளை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியதாம்.

“இது இன்னா பெரிய வேலை? நம்ம மிஷின்ல ரெண்டு நிமிசம்” என்றேன்.

பாய் சிரித்தார். “நைனா, இது இரும்பு இல்ல. நான் கல்லு தர்றேன். போட்டுட்டா ஊர்பூரா உன் பேரைச் சொல்றேன். போடலேன்னா போர்டை எறக்கிடணும்.”

“எறக்கறேன்யா!”

மறுநாளே மூன்று கல் வந்தது. இரும்புக்குச் செய்கிற மாதிரியே ஒரே பக்கமாக டிரில்லை இறக்கினேன். அடியில் முனை வெளியே வரும் நேரத்தில் கல் சிதறியது. இரண்டாவதும் அப்படியே.

“தூளு சோக்கா கீது நைனா, பல்லு வெளக்கலாம்” என்றார் பாய்.

மூன்றாவதைத் தொடவில்லை. மறுபடி கண்காட்சிக்கு ஓடினேன். அங்கே நெடுக உடைந்த மணி ஒன்று; முதல் தடவை கவனிக்காதது. துளையின் உள்பக்கம் தெரிந்தது. நடுவில் மயிரிழை போல ஒரு படி. அப்போதுதான் புரிந்தது: மணி செய்தவன் இரண்டு பக்கமிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்க வைத்திருக்கிறான்! கரண்டு இல்லை, என்னுடையதைப் போல மிஷின் இல்லை. அவ்வளவு சின்னக் கல்லை எதில் பிடித்தான், எப்படிக் குறி வைத்தான்? இன்னொருவன் வேலையைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது அன்றைக்குத்தான்.

மூன்றாவது கல்லை வைரமுனை போட்டு, தண்ணீர் விட்டு, இரண்டு பக்கமும் துளைத்தேன். கல் உடையவில்லை. நூல்தான் நுழையவில்லை.

பாய் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “ரெண்டு ஓட்டையும் சண்டை போட்ட சம்பந்தி மாதிரி ஆளுக்கொரு பக்கம் போயிகினு கீது. வுடு நைனா, போர்டு இருக்கட்டும். நான் சும்மா சொன்னேன்.”

“நான் சும்மா சொல்லல” என்று ஏணியை எடுத்தேன்.

இப்போது பலகையில் ‘இரும்பில் துளை போடப்படும்’ என்றிருக்கிறது. ஏன் மாற்றினேன் என்று கேட்பவர்களிடம் அந்த மூன்றாவது கல்லைக் காட்டுகிறேன். இந்தத் தொழிலில் என்னை ஜெயித்தவன் ஒரே ஒருவன். அவனும் இரண்டாயிரம் வருஷம் முந்திப் பிறந்ததால் தப்பித்தான்.