ஹமாகுரோவில் பதில் சொன்னவன்

யாராவது பேய்க் கதையை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். டிராம் ஓட்டிப் பிழைக்கிறவளுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? அப்படிப்பட்ட நானே இதை உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால், எனக்கு நடந்தது அப்படி. ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை. கொஞ்சம் குறைத்திருக்கிறேன்... சிலவற்றை எழுதக் கை வரவில்லை.

எங்கள் ஊரிலிருந்து துறைமுகம் வரை முன்பு ஒற்றைப் பெட்டி ரயில் ஓடியது. கூட்டம் குறைந்ததும் அதை நிறுத்திவிட்டு, அதே பாதையில் டிராம் விட்டார்கள். பழைய ஸ்டேஷன்கள் சிலவற்றில் டிராம் நிற்பதில்லை. ஹமாகுரோ அதில் ஒன்று. இடிந்த பிளாட்பாரம் ஒன்று கடலைப் பார்த்துக்கொண்டு கிடக்கும், அவ்வளவுதான். என் அப்பா கிச்சிஜி அந்த ரயிலில் கார்டாக இருந்தவர். நான், சயோ, அதே பாதையில் டிராம் டிரைவர்.

இந்த வேலையில் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. விரலை நீட்டிக் காட்டி, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். “சிக்னல், பச்சை!” “கதவு, மூடியாச்சு!” ரயில் காலத்தில் டிரைவர் சொன்னதைக் கார்டு அப்படியே திருப்பிச் சொல்வார். பிறகுதான் வண்டி நகரும். டிராமில் நான் ஒருத்திதான். சொல்வதும் நானே, கேட்பதும் நானே. ஆனால் பயிற்சிக் காலத்தில் பின்னால் ஒருவர் நின்று பதில் சொல்வார். பதில் வராவிட்டால் கை தானாகப் பிரேக்குக்குப் போக வேண்டும். அந்தப் பழக்கம் எனக்கு எலும்பில் ஊறிப்போனது.

ஓய்வு பெற்ற பிறகும் அப்பா கார்டு வேலையை விடவில்லை. “சோறு ரெடி!” என்று நான் சொன்னால், கிண்ணத்தை விரலால் காட்டி, “சோறு, ரெடி!” என்பார். “வெந்நீர் ரெடி!” என்றால், “வெந்நீர், ரெடி!” தம்பி ஷுன் விடமாட்டான்.

“அப்பா, நான் தும்மினாக்கூடத் திருப்பித் தும்முவீங்க போலிருக்கே!”

“சிரிக்காதடா. பதிலை லேட் பண்ணக் கூடாது. லேட் பண்ணா வேற யாராவது சொல்லிடுவாங்க.”

நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். பிறகு அப்பாவுக்கு ஞாபகம் கழன்றுகொண்டே வந்தது. அம்மா செத்ததை மறந்தார். என் பெயரை மறந்தார். இதை மட்டும் மறக்கவில்லை.

அன்று ஜனவரி மாதம். மதியத்திலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. மாலை 5.42க்கு ஊரிலிருந்து வண்டியை எடுத்தேன். இரண்டாவது நிறுத்தம் தாண்டியதும் வயர்லெஸ் கரகரத்தது. கண்ட்ரோல் ரூமிலிருந்து ஒகாதா. அப்பாவோடு ரயிலில் வேலை பார்த்தவர்.

“சயோ, பதறாம கேளு. உன் தம்பி போன் பண்ணான். அப்பாவைக் காணோமாம்.”

“எப்பலேர்ந்து?”

“தெரியலை. தூங்குறார்னு நெனச்சிருக்கான். ஷூ வாசல்லயே கிடக்காம். அந்தப் பழைய கார்டு தொப்பியைத்தான் காணோம்.”

“ஒகாதா சான், என்னை இறக்கி விடுங்க. கும்பிட்டுக் கேக்குறேன்.”

“மாத்த ஆள் இல்லம்மா. ரெண்டு வண்டி பனியில சிக்கிக் கிடக்கு. உன் வண்டியில பள்ளிக்கூடப் பிள்ளைங்க. அதுங்களை எங்க இறக்கி விடுவே?”

அவர் சொன்னது நியாயம்தான். அந்த நியாயத்தைத் தூக்கிக் கடலில் போட வேண்டும்போல் இருந்தது. எழுபத்தெட்டு வயது. காலில் ஷூ இல்லை. இந்தப் பனியில் எவ்வளவு நேரம் தாங்குவார்? நான் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ஒவ்வொரு விளக்குக் கம்பமும் அப்பாவாகத் தெரிந்தது. கிட்டே போனால் கம்பம்.

பிள்ளைகள் ஒவ்வொரு நிறுத்தமாக இறங்கினார்கள். 6.14. கடைசிப் பிள்ளையும் இறங்கிக் கும்பிட்டுவிட்டு ஓடியது. வண்டியில் நான் மட்டும்.

“கதவு, மூடியாச்சு!”

“கதவு, மூடியாச்சு.”

பின்னாலிருந்து. அப்பாவின் குரல்!

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஏதோ நிறுத்தத்தில் ஏறியிருக்கிறார், நான்தான் கவனிக்கவில்லை! எழுந்து ஓடினேன். “அப்பா! அப்பா!” ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தேன். குனிந்து சீட்டுக்கு அடியிலும் பார்த்தேன்.

யாரும் இல்லை.

எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. சாகிறவர்கள் கடைசியாக ஒருமுறை வேண்டியவர்களிடம் வந்துவிட்டுப் போவார்கள். சில பேருக்குக் குரல் மட்டும் வரும். “இல்லை, இல்லை” என்று சொல்லிக்கொண்டே சீட்டில் வந்து உட்கார்ந்தேன். அழுதுகொண்டேதான் விரலை நீட்டினேன்.

“புறப்பாடு, சரி!”

“புறப்பாடு, சரி.”

ஓட்டினேன். வேறு என்ன செய்ய முடியும்?

“வேகம், இருபது!”

“வேகம், இருபது.”

பதில் சீக்கிரமாக வந்தது. அடுத்தது இன்னும் சீக்கிரம். நான் சொல்லி முடிப்பதற்குள் வந்து விழுந்தது. அப்பாவுக்கு மூச்சு இரைத்தது. தொண்டை கரகரத்தது. யாரோடோ போட்டி போட்டு முந்துகிறவர் குரல்போல் இருந்தது.

அப்போதுதான் இன்னொன்றும் கேட்டது.

அப்பா பதில் சொன்ன பிறகு... ஒரு மூச்சு. பேசுவதற்காக வாயைத் திறந்து, முடியாமல் மூடிக்கொண்ட சத்தம்.

அது அப்பாவுடையது இல்லை.

கண்ணாடியைப் பார்த்தேன். காலி சீட்டுகள்.

ஹமாகுரோ வந்தது. பனிக்குள் சிக்னல் மங்கலாகத் தெரிந்தது. விரலை நீட்டினேன்.

“சிக்னல், பச்சை!”

பதில் இல்லை.

“அப்பா... சிக்னல், பச்சை!”

பதில் இல்லை. பனி கண்ணாடியில் அடிக்கும் சத்தம் மட்டும்.

பிறகு...

“சிக்னல்... பச்சை.”

என் காதருகே. வாயில் தண்ணீர் நிறைந்திருப்பதுபோல் ஒரு குரல்.

அப்பா இல்லை.

என் கை பிரேக்கை இழுத்துவிட்டது.

வண்டி கிறீச்சிட்டு வழுக்கிக்கொண்டே போனது. போனது... நின்றது.

விளக்கு வெளிச்சத்தில் ஒரு தொப்பி.

தொப்பிக்குக் கீழே அப்பா. தண்டவாளத்தின் நடுவில். வண்டிக்கும் அவருக்கும் நடுவே கை நீளம்கூட இல்லை. விரலை சிக்னலைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றார். வாய் அசைந்துகொண்டே இருந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

கதவைத் திறந்துபோட்டுவிட்டு இறங்கி ஓடினேன். என் கோட்டைப் போர்த்தி அவரைக் கட்டிக்கொண்டேன். கட்டை மாதிரி விறைத்திருந்தார். என் காதில் கிசுகிசுத்தார்.

“எல்லாத்துக்கும் நான்தான் சொன்னேன். கடைசி ஒண்ணு... தொண்டை அடைச்சிடுச்சு. அவன் சொல்லிட்டானா?”

“யாருப்பா?”

அப்பா என் தோளுக்கு மேலாக வண்டியைப் பார்த்தார்.

“கதவைச் சாத்து. இறங்கப் போறான்.”

அவர் பேசிக் கேட்டது அதுதான் கடைசி.

அப்பா பிழைத்துவிட்டார். கால் விரல் இரண்டு போனது. குரலும் போனது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த ஒகாதா, என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டார். வண்டிக்குள் நான் கேட்டதை அவரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

“நாப்பது வருஷம் முன்னாடி நடந்ததும்மா. அன்னிக்கும் இதே மாதிரி பனி. ஹமாகுரோவுல ஒருத்தன் வண்டிக்கு முன்னாடி பனியைத் தோண்டிக்கிட்டு இருந்தான். அவனைக் கூப்பிட உங்கப்பா கீழ இறங்கியிருக்கார். டிரைவர் ‘புறப்பாடு, சரியா?’ன்னு குரல் குடுத்தார். ‘புறப்பாடு, சரி’ன்னு பதில் வந்துச்சு. வண்டியை எடுத்துட்டார்.”

“தோண்டினவர்?”

“வண்டி அவன் மேல ஏறிடுச்சும்மா.”

“பதில் சொன்னது அப்பாவா?”

“அவர் பிளாட்பாரத்துல நின்னார். நானும் பக்கத்துல நின்னு பார்த்தேன். வண்டிக்குள்ள ஒரு ஈ காக்கா இல்ல. ஆனா டிரைவர் பதில் காதுல விழுந்துச்சுன்னு சாகுற வரைக்கும் சத்தியம் பண்ணார். அன்னிலேர்ந்துதான் உங்கப்பா எதுக்கும் முந்திக்கிட்டு பதில் சொல்ல ஆரம்பிச்சார்.”

வீட்டில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோமே, அது.

அப்பா வீடு திரும்பிய அன்று மாலை, நான் அவருக்கு எதிரே உட்கார்ந்து கால் கட்டைச் சரிசெய்துகொண்டிருந்தேன். ஷுனிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அவன் அடுப்பங்கரையிலிருந்து பழக்கதோஷத்தில் குரல் கொடுத்தான்.

“அப்பா, சோறு ரெடி!”

அப்பாவின் முகம் வெளுத்தது. வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் முட்டியது. காற்றுதான் வந்தது.

“சோறு... ரெடி.”

அடுப்பங்கரையில் ஷுன் சந்தோஷத்தில் கத்தினான். “அக்கா! அப்பாவுக்குக் குரல் வந்துடுச்சு!”

அப்பா வாயை மூடிவிட்டார். அவர் நீட்டிய விரல் சோற்றைக் காட்டவில்லை. என் முதுகுக்குப் பின்னால் காட்டிக்கொண்டிருந்தது.