இருபத்திரண்டு நிமிடம்

மகள் வடக்கே மலைமேல் இருக்கும் லே ஊருக்குக் கிளம்பியபோது ஏர் ஃபிரையரின் பக்கவாட்டில் ஒரு தாளை ஒட்டிக் கொடுத்தேன். கோழிக்கால், நூற்றியெண்பது டிகிரி, இருபத்திரண்டு நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பவும். செஞ்சியில் எங்கள் வீட்டில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கடிகாரம் பார்த்து எழுதியது. பத்திரிகையில் மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்ப்பதே என் வேலையாக இருந்தது.

மாப்பிள்ளைக்கு அங்கே சாலை போடும் வேலை. மகளுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

இரண்டாவது வாரம், மதியம், வீடியோவில் கூப்பிட்டாள். தட்டில் பாதி கடித்த கோழிக்கால். மேல்தோல் நன்றாகச் சிவந்து, ஓரம் கருகியிருந்தது.

"நைனா, எலும்பாண்ட ஒரு மாதிரி இருக்குது."

"கிட்ட காட்டு."

எலும்பை ஒட்டிய சதை வேகவில்லை. ஈரமாகப் பளபளத்தது.

மனைவி போனைப் பிடுங்கினாள். "எவ்ளோடி சாப்ட்ட?"

"ஒண்ணு முழுசா. இது ரெண்டாவது."

"பச்சைன்னு வாயில தெரியலியா?"

"மேல மொறுமொறுன்னு இருந்துச்சும்மா. பசி வேற. நைனா எழுதினா தப்பா இருக்காதுன்னு..."

இணைப்பு அறுந்தது. மறுபடி போகவில்லை.

நான் எதையெல்லாம் சரிபார்க்கவில்லை என்று யோசித்தேன். லே பதினோராயிரம் அடிக்கு மேல். அங்கே காற்று அடர்த்தி குறைவு, அது சூட்டைச் சரியாகக் கொண்டுபோகாது. உள்ளே வேகும் முன்பே மேல்புறம் காய்ந்து சிவந்துவிடும். இன்னொன்றும் இருந்தது. செஞ்சியில் கோழியைக் கண்ணெதிரே அறுத்துத் தருவார்கள். வீட்டுக்கு வரும்போதும் பை வெதுவெதுப்பாக இருக்கும். உறைந்த கோழியை நாங்கள் சமைத்ததே இல்லை. அங்கே அது கல்லாக உறைந்து வருகிறது. என் தாளில் இரண்டுமே இல்லை. பத்திரிகை என்றால் மறுநாள் திருத்தம் போட்டிருப்பேன்.

"ஊரு எழுத்துல எல்லாம் தப்பு கண்டுபிடிப்பீங்களே," என்றாள் மனைவி.

சாயங்காலம் மாப்பிள்ளை பேசினார். "மாமா, ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டா. டாக்டராண்ட காட்டிட்டோம்."

"ஜுரம்?"

"இப்ப இல்ல. வாந்தி மலை ஒத்துக்காததாலயா, கோழியாலயான்னு அவருக்கே சொல்லத் தெரியல. மூணு நாள் பாக்கணும்னாரு."

அந்த மூன்று நாளும் போனைக் கீழே வைக்கவில்லை. அது அடித்தால் எடுக்கக் கை வரவில்லை. மனைவிதான் எடுத்தாள். வெயிலில் கோட்டைப் பாறைகள் வெளுத்துக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றேன்.

நாலாம் நாள் மகளே கூப்பிட்டாள். ஜுரம் வரவில்லை. வாந்தி நின்றுவிட்டது. "காலைலேந்து ஒரே உதை நைனா. உன் பேரனோ பேத்தியோ, கோழி கேக்குது."

"அந்தத் தாளக் கிழிச்சிப் போடு."

"கிழிக்கல. இருபத்திரண்ட அடிச்சிட்டு, மொதல்ல குக்கர்ல வேகவைன்னு எழுதிட்டேன். இன்னிக்கு அப்டிதான் பண்ணேன்."

"பிச்சிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எலும்பாண்ட?"

"ஐயோ, பாத்தேன் நைனா."

"காட்டு."

சதையைப் பிரித்துக் கேமராவுக்கு அருகே பிடித்தாள். எலும்புவரை வெள்ளையாக வெந்திருந்தது.

"தட்டுல இன்னொண்ணு இருக்குதே," என்றேன். "அதையும் காட்டு."