முகூர்த்தம் ஃபோல்டர்

வாரத்துக்கு ஒரே ஒரு லீவு. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை தூங்கலாம் என்று இருந்தேன். காலையிலேயே ரூம்மேட் என் காலைப் பிடித்து ஆட்டினான்.

"மச்சான், லேப்டாப் ஆன் ஆவ மாட்டேங்குதுடா. எஸ்எஸ்டி போச்சு போல."

"போவட்டும். நான் மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் இல்ல."

"டேய், கல்யாண போட்டோ மொத்தம் அதுலதான் கீது."

எழுந்து உட்கார்ந்தேன். வாரம் முழுக்க ஒரகடம் ஃபேக்டரியில் அசெம்பிளி லைன், லீவு நாளில் கல்யாண போட்டோ என்று ஓடுகிறவன் அவன். கடைசியாக எடுத்தது, லைனில் அவனுக்குப் பக்கத்தில் நிற்பவனின் தங்கச்சி கல்யாணம். வீடியோ வேண்டாம், போட்டோ மட்டும் போதும் என்று சொல்லியிருந்தார்கள். கேமரா கார்டையும் ஃபார்மட் அடித்து, அதன் மேலேயே ஒரு காதுகுத்தை எடுத்து முடித்துவிட்டான். மிச்சம், லேப்டாப்புக்குள் எல்லாவற்றையும் சேமித்து வைக்கிற அந்த எஸ்எஸ்டி மட்டும்தான்.

"எத்தினி வாட்டி ரீஸ்டார்ட் பண்ண?"

"விடியகாலைலேந்து அதான் பண்ணிக்கினு கீறேன். ஒரு வாட்டி வந்துச்சு. ரிப்பேர் பண்ணவான்னு கேட்டுச்சு, ஓகே குடுத்துட்டேன்."

திட்ட வாய் வரவில்லை. ஃபேக்டரியில் வேலை செய்கிற எங்கள் எல்லோருக்கும் கை அப்படித்தான் பழகியிருக்கிறது. லைனில் மெஷின் அலாரம் அடித்தால் ரீசெட் அடி, ஓடினால் ஓட்டு. மெயின்டனன்ஸை அப்புறம் கூப்பிடலாம், லைன் நிற்கக் கூடாது. சாகக் கிடக்கிற எஸ்எஸ்டிக்கு அதுதான் விஷம். ரிப்பேர் என்ற பெயரில் லேப்டாப் அதன் மேலேயே எழுதித் தொலைக்கும்.

எஸ்எஸ்டியைக் கழற்றி, யூஎஸ்பி பெட்டியில் போட்டு, என் லேப்டாப்பில் லினக்ஸை ஏற்றிச் செருகினேன். எதையும் எழுதாமல் முழுசாக நகல் எடுக்கிற ப்ரோகிராம் ஒன்று உண்டு. படிக்க முடிகிற இடத்தை முதலில் அள்ளும், முரண்டு பிடிக்கிற இடத்தைக் கடைசிக்குத் தள்ளும். எஸ்எஸ்டி கொஞ்சம் ஓடியது, சூடானது, திரையிலிருந்து காணாமல் போனது. பிடுங்கி, ஆறவிட்டு, மறுபடி செருகினேன். பழைய ஹார்ட் டிஸ்க்காவது கத்திவிட்டுச் சாகும், இது மூச்சே விடவில்லை. ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டதால் எங்களுக்குத்தான் வேர்வை.

சாயங்காலம் நகலைத் திறந்தோம். ரிசப்ஷன் இருந்தது, பந்தி இருந்தது. முகூர்த்தம் ஃபோல்டரில் பாதி திறக்கவே இல்லை. திறந்ததெல்லாம் மேலே தோரணம், கீழே வெறும் சாம்பல் நிறம்.

"இன்னொரு வாட்டி போட்டு பாரேன்."

"அது இப்ப கனெக்ட்டே ஆவலடா."

ரூம்மேட் செருப்பை மாட்டினான். "நாளைலேந்து டெய்லி லைன்ல அவன் மூஞ்சிலதான்டா முழிக்கணும். இன்னிக்கே சொல்லிடலாம், வா. நீ டெக்னிக்கலா சொன்னா நம்புவாங்க."

பிள்ளைப்பாக்கத்தில் அவர்கள் வீட்டு வாசலில் அண்ணனும், விருந்துக்கு வந்திருந்த தங்கச்சியும் நின்றார்கள். நான் எஸ்எஸ்டி கன்ட்ரோலர், மெமரி செல் என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் வுடுப்பா," என்றான் அண்ணன். "தாலி கட்றது கீதா, இல்லியா?"

"இல்ல," என்றேன்.

"சாரிம்மா," என்றான் என் ரூம்மேட். "சொந்தக்காரங்க செல்லுல எடுத்திருப்பாங்க இல்ல..."

"எல்லார் செல்லுலயும் பாத்துட்டேண்ணா," என்றாள் அவள். போனை எங்கள் பக்கம் திருப்பினாள். படம் முழுக்க நீலச் சட்டை போட்ட ஒரு முதுகு. அதன் தோளுக்கு மேலே அவளுடைய நெற்றிச்சுட்டி மட்டும். "அந்த நேரத்துல எல்லாத்துலயும் நீங்கதான் கேமராவோட குறுக்க கீறீங்க."

"உள்ள வாங்கடா, ஏன் வாசல்லயே நிக்கிறீங்க?" என்றான் அண்ணன்.

அவள் வழிவிடவில்லை. விரலால் அடுத்த படத்தைத் தள்ளினாள். அதிலும் என் ரூம்மேட்டின் முதுகுதான்.